டிம்மின்ஸில் வீடு வாங்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அந்த விலைக்கு வீடு வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் மலிவுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை முதலில் விசாரி.

வட ஒன்ராறியோவின் டிம்மின்ஸ் 1912இல் தங்கச் சுரங்கத்துக்காகவே எழுந்த ஊர். உன் சம்பளம் மட்டுமல்ல, நாளை உன் வீட்டை வாங்க வருகிறவனின் சம்பளமும் அதே சுரங்கத்திலிருந்துதான் வர வேண்டும். தங்கம் விலை ஏறியிருக்கும்போது எல்லாரும் தைரியமாகத்தான் பேசுவார்கள். ஒன்ராறியோவின் எலியட் லேக் என்ற ஊரில் 1990களில் யுரேனியச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, காலியான வீடுகளுக்கு ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டுக் குடிவைத்துத்தான் ஊர் பிழைத்தது. சஸ்காச்சுவானின் யுரேனியம் சிட்டிக்கு அந்த வழியும் வாய்க்கவில்லை. 1982இல் சுரங்கத்தை மூடியதும் சனம் வீடுகளை அப்படியே விட்டுப் போனது. உன் சுரங்கத்தில் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குத் தாது இருக்கிறது என்று கேட்டு, அதை உன் 25 ஆண்டுக் கடனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வாங்காதே. குடியிருக்க என்றால் வாங்கு.

வீட்டு விலையில் 5 சதவீதம் முதலில் கட்டினால் போதும் என்று வங்கியில் சொல்வார்கள். 20 சதவீதத்துக்குக் குறைந்தால் நீ கடனைக் கட்டாவிட்டால் வங்கியைக் காக்கும் கடன் காப்புறுதியின் செலவும் உன் தலையில்தான். முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 8,000 டொலர் வரை போடலாம், வருமான வரியும் குறையும். ரொறன்ரோவைப்போல அங்கே வீடு கைமாறும்போது கட்டும் நிலமாற்று வரியை நகரசபை தனியாக எடுப்பதில்லை. மாகாண வரியிலும் முதல் வீடு வாங்குகிறவருக்கு 4,000 டொலர் வரை கழிவு உண்டு. மிஞ்சும் காசைப் புதுச் சமையலறையில் கொட்டிவிடாதே. வேலை நின்றாலும் ஆறு மாதத் தவணை கட்டப் பணம் இருக்க வேண்டும்.

சமையலறையை விட பேஸ்மென்டில் அதிக நேரம் நில். உறைபனி மண்ணைத் தூக்கி அத்திவாரத்தை வெடிக்கவைக்கும். சுவரில் புதுப் பூச்சு தெரிந்தால் ஏன் பூசினார்கள் என்று கேள். வெப்பமூட்டி எத்தனை வருடப் பழசு? பழைய எண்ணெய்த் தொட்டி, பழைய மின்கம்பிகள், விறகு அடுப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் விலை பேசும் முன்பே காப்புறுதிக்காரரிடம் பேசிவிடு. சிலர் மறுத்துவிடுவார்கள், காப்புறுதி இல்லாமல் வங்கி கடன் தராது.

இன்னொன்று, ரொறன்ரோக்காரருக்குத் தோன்றாத விடயம். அந்த ஊரின் சில பகுதிகளுக்கு அடியிலேயே பழைய சுரங்கக் குடைவுகள் இருக்கின்றன. கைவிடப்பட்ட சுரங்கங்களின் பதிவு ஒன்ராறியோ அரசிடம் உண்டு. உன் காணி அதில் எங்கே விழுகிறது என்று சட்டத்தரணியைப் பார்க்கச் சொல். காணி உறுதிப் பத்திரத்தில் மேல்நிலம் மட்டுமா, கனிம உரிமையும் சேர்ந்ததா என்பதையும் கேள்.

வீட்டுப் பரிசோதகரின் அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்பு, அதற்குப் பிறகு கையெழுத்து வை. அம்மா கிழக்கு வாசல்தான் வேண்டும் என்கிறாள். தெற்கு பார்த்த வாசலில் பனி சீக்கிரம் உருகும் என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

அன்புடன்,
அப்பா