ஷ்னைடர் குடும்பத்தின் வேரைத் தேட உதவியவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

என் மருமகனின் தாய்வழி முன்னோர்களில் ஒருவரான ஷ்னைடர், 18ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரையிலிருந்து கப்பலேறி பென்சில்வேனியாவுக்கு வந்தவர் என்பதைத் தவிர அவர்கள் வீட்டில் வேறெதுவும் தெரியாது. பேத்தியின் பள்ளிக்காக ஒரு வம்சாவளிப் படம் வரையத் தொடங்கிய நான், மூன்று ஆண்டுகள் அதிலேயே மூழ்கிப்போனேன். சம்பந்தி வீட்டு வரலாற்றில் இந்த அம்மாவுக்கு என்ன அக்கறை என்று எண்ணாமல் உதவிய உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஆவணக்காப்பகத்தில் பணிபுரியும் அம்மையாருக்கு. பெர்க்ஸ் கவுண்டி 1752இல்தான் உருவானது, அதற்கு முந்தைய பத்திரங்களை பிலடெல்பியாவிலோ லாங்காஸ்டரிலோ செஸ்டரிலோ தேட வேண்டும் என்று அவர் சொல்லியிராவிட்டால், இல்லாத இடத்திலேயே நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். ஷ்னைடர் என்றால் ஜெர்மனில் தையற்காரர். ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஸ்னைடர் என்று எழுதினார்கள், சில குடும்பங்கள் டெய்லர் என்று மொழிபெயர்த்தே வைத்துக்கொண்டன என்பதையும், அண்ணன் தம்பி எல்லோருக்கும் யோஹான் என்று ஞானஸ்நானப் பெயர் இட்டுவிட்டு, வீட்டில் அடுத்த பெயரைச் சொல்லி அழைப்பது அவர்கள் வழக்கம் என்பதையும் அவரிடமே கற்றேன்.

அடுத்த நன்றி, என்னை மறுத்துப் பேசிய ஓய்வுபெற்ற போதகருக்கு. அதை எழுதச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1727 முதல் பிலடெல்பியாவில் வந்திறங்கிய ஜெர்மானியர்களில் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் இங்கிலாந்து அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையொப்பமிட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல் ஒன்றில் 'யோஹான் ஷ்னைடர்' என்ற பெயரைக் கண்ட நாளன்று வீட்டில் பாயசமே வைத்தேன். இரண்டு ஆண்டுகள் அவரையே நம் முன்னோராகக் கொண்டு படமும் வரைந்துவிட்டேன். பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த போதகர் அந்தப் பக்கத்தையும், எங்களவர் பிற்காலத்தில் எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பட்டியலில் பெயரின் இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு கீறல் மட்டுமே இருந்தது; அதாவது எழுத்தர் பெயரை எழுத, வந்தவர் தம் அடையாளத்தை இட்டிருக்கிறார். கடன் பத்திரத்திலோ தேர்ந்த கையால் எழுதப்பட்ட முழுக் கையொப்பம். "பின்னாளில் எழுதக் கற்றிருக்கலாமே" என்று நான் வாதாடியபோது அவர் மறுக்கவில்லை. கீறல் இட்டவரின் அடக்கப் பதிவை வேறொரு தேவாலயப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். எங்களவர் கடன் பத்திரம் எழுதிக்கொடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மனிதர் இறந்துவிட்டிருந்தார். பாயசம் வைத்தது வீண்தான்.

சரியான வழி அநாதைகள் நீதிமன்றப் பதிவுகளில் கிடைத்தது. பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். தாய் உயிரோடு இருந்தாலும், தந்தை இறந்துவிட்டால் வயது வராத பிள்ளைகளின் சொத்து விவகாரம் அங்கேதான் போகும். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்ற பழைய சட்டம் பென்சில்வேனியாவில் 1794 வரை இருந்ததால், நிலத்தை மதிப்பிட்டு மூத்தவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுத்த விவரமும், மணமான மகள்களின் கணவர் பெயர்களும் ஒரே தாளில் இருந்தன. அந்த மகள்களில் ஒருவர்தான் என் மருமகனின் கொடிவழி. இரண்டு சனிக்கிழமைகள் எனக்காக அந்தக் கட்டுகளைப் புரட்டிய தன்னார்வலர்கள் இருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். குடும்ப பைபிளின் நடுப்பக்கங்களில் எழுதியிருந்த பிறப்பு, இறப்புக் குறிப்புகளைப் படமெடுக்க அனுமதித்த மருமகனின் சித்திக்கும் என் அன்பு.

திருத்திய வம்சாவளியின் பிரதி ஒன்றைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டேன். தவறான பழைய படத்தையும், ஏன் தவறென்ற குறிப்போடு, அதனுடன் இணைத்திருக்கிறேன். முன்னோரின் மனைவி அன்னா மரியாவின் பிறந்தவீட்டுப் பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர்களில் அவருடைய அண்ணனோ தங்கையோ இருக்கக்கூடும் என்று போதகர் சொல்கிறார். வரும் மாதம் அந்தப் பதிவேட்டைத் திறக்கிறோம்.

மிக்க நன்றியுடன்,
பேத்தியின் அம்மாச்சி