ஒட்டுக்குக் கீழே ஒரு கிளை

இராயபுரம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. மொட்டைமாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

நீ இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஹாத்தார்ன் என்ற முள்மரம் இந்த மே மாதம்தான் முதல் முறையாகப் பூத்தது என்று எழுதியிருந்தாய். பூ குட்டி ரோஜா மாதிரியே இருக்கிறது. ரோஜாக் குடும்பம்தானே. இந்த 'பால்ஸ் ஸ்கார்லெட்' வகை 1858-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு தோட்டத்து மரத்தில், ஒரே ஒரு கிளை மட்டும் தானாக நிறம் மாறிப் பூத்ததில் கிடைத்ததாம். நம் இராயபுரம் ரயில் நிலையத்துக்கு அப்போது வயது இரண்டு.

ஆனால் நீ பெருமையாகக் காட்டிய இன்னொரு படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அடிமரத்திலிருந்து நெட்டுக்குத்தாக ஒரு கிளை. ஒரே வருடத்தில் உன் தோளுக்கு வந்துவிட்டது என்கிறாய். அதன் இலையைப் பார். நடுநரம்பை எட்டுவதுபோல் ஆழமாகப் பிளந்திருக்கிறது. மேலே இருக்கும் இலைகளில் விளிம்பில் மட்டும் லேசான வெட்டு. இரண்டும் ஒரே மரம் இல்லையம்மா. அடியில் இருப்பது அந்த ஊரில் வேலிக்கு வைக்கும் சாதாரண ஹாத்தார்ன். அதன்மேல்தான் உன் சிவப்புப் பூவை ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

நீ எட்டாம் வகுப்பு படித்தபோது தள்ளுவண்டிக்காரரிடம் ஓர் ஒட்டு ரோஜா வாங்கினேனே, நினைவிருக்கிறதா? உப்புக்காற்றில் பிழைக்காது என்றாள் அம்மா. மூன்றே மாதத்தில் தொட்டியின் அடியிலிருந்து வாள் மாதிரி ஒரு தண்டு கிளம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டீத்தூள், மீன் கழுவிய தண்ணீர், எல்லாம் அதற்குத்தான். மேலே நல்ல செடி கருகிக்கொண்டே வந்தது கண்ணில் படவில்லை. வருடம் ஒன்றாகியும் ஒரு மொட்டு இல்லை. பூக்கட்டும் ஆயா ஒருநாள் மாடிக்கு வந்தவர், "ஒட்டுக்குக் கீழே முளைத்ததையா தம்பி இத்தனை நாள் வளர்த்தாய்?" என்று கேட்டார். உங்கள் எல்லோரிடமும் 'செடிக்கு நோய்' என்று சொல்லிவிட்டேன். இன்றுதான் உண்மையை எழுதுகிறேன்.

அதனால் அந்தக் கிளையை எடுத்துவிடு. மண்ணைச் சற்றுத் தள்ளி, அது பிறக்கும் இடத்திலேயே ஒட்ட வெட்டு. பாதியில் வெட்டினால் ஒன்றுக்கு நாலாகக் கிளம்பும். இனிமேல் விரல் நீளத்தில் பார்த்ததுமே பிய்த்துவிடு. முள் இருக்கிறது, தடித்த கையுறை போட்டுக்கொள். பறவைக் கூடு இருக்கிறதா என்று முதலில் பார்; அங்கே மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம்.

விட்டுவைத்தால் அதில் வெள்ளைப் பூதான் பூக்கும். வாசம் எப்படித் தெரியுமா? மீன் கெடும்போது கிளம்பும் டிரைமெத்திலமைன் என்ற வேதிப்பொருள்தான் அந்தப் பூவிலும் இருக்கிறதாம். ஈக்கள் தேடி வந்து மகரந்தம் சேர்க்கின்றன. அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆகாது என்று அங்கே பழைய நம்பிக்கை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் வெட்ட வேண்டாம், பிள்ளைக்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் ஞாபகம் வரட்டும்" என்கிறாள். அவள் பேச்சைக் கேட்காதே.

காய்க்கவில்லையே என்று கவலைப்பட்டிருந்தாய். அடுக்குப் பூ அநேகமாகக் காய்க்காது, அது மரத்தின் குறை இல்லை. பறவைகளுக்குச் சிவப்புப் பழம் வேண்டுமென்றால், நவம்பரில் இலை உதிர்ந்த பிறகு அந்தச் சாதாரண வகைக் கன்று ஒன்றை வேலி ஓரமாகத் தனியே வை. விதை போட்டுக் காத்திருக்காதே. முளைக்க இரண்டு குளிர்காலம்கூட ஆகுமாம்.

வெட்டியதும் படம் அனுப்பு. வெட்டிய இடம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அப்பா