சென்னை - மதுரை: எந்த தூரம், எந்த நேரம்?

ஆசிரியருக்கு,

விமானச் சேவை பற்றிச் செய்தி வந்தாலே 'சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே மணி நேரம்' என்கிற மாதிரி ஒரு வரியும் கூடவே வந்துவிடுகிறது, பக்கத்தில் தூரம் என்று ஒரு எண். அது எந்த தூரம்? சாலையில் போனால் சுமார் 460 கிலோமீட்டர், விழுப்புரம், திருச்சி வழியாக ரயிலில் 490க்குக் கொஞ்சம் மேலே, வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் 420கூட வராது. எதைப் போட்டாலும் சரி, எது என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நேரக் கணக்கு இதைவிட மோசம். இணையத்தில் சில தளங்கள் அந்த 420ஐ மணிக்கு 800 கிலோமீட்டர் என்கிற வேகத்தால் வகுத்து அரை மணி நேரத்தில் மதுரை என்று காட்டுகின்றன. இவ்வளவு குறைந்த தூரத்தில் மேலே ஏறுவதிலும் கீழே இறங்குவதிலுமே பெரும்பகுதி போய்விடும், 800 வேகம் எல்லாம் நடுவில் கொஞ்ச நேரம்தான், அதுவும் ஜெட்டுக்கு. ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் என்றால் 500தான். போதாததற்கு மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, மதுரை இருப்பதோ தென்மேற்கில். கடற்காற்று அடிக்கிற வேளையில் கடலைப் பார்த்துக் கிளம்பி அப்புறம்தான் திரும்ப வேண்டும்.

டிக்கெட்டில் ஒரு மணி இருபது நிமிடம் என்று இருப்பதும் முழுக்கப் பறக்கிற நேரமல்ல. நிற்கிற விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருப்பார்கள் இல்லையா, அதை எடுத்து நகர்ந்ததிலிருந்து மதுரையில் போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம், விமானக் கம்பெனி கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற சில நிமிடங்களும் அடக்கம். 'பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டோம்' என்று பெருமையாக அறிவிக்கிறார்களே, அது இப்படி வந்ததுதான்.

திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் விமான நிலையம் போகவே ஒரு மணி நேரம் ஆகிறது. செக்-இன், பாதுகாப்புச் சோதனைக்கு ஒன்றரை மணி நேரம் கையில் வேண்டும். அந்தப் பக்கம் பெட்டி வந்து, டாக்ஸி பிடித்து மாட்டுத்தாவணி சேர இன்னும் ஒரு மணி நேரம். ஆக ஐந்து மணி நேரத்தை ஒட்டி வருகிறது. எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் மதுரையில் விட்டுவிடுகிறது (என்ன, காலை வண்டி 5 மணிக்கே கிளம்புகிறது, மெட்ரோ ஓட ஆரம்பிப்பதே அப்போதுதான், ஆட்டோக்காரர் கேட்கிற தொகையைக் கொடுத்தாக வேண்டும்). வீட்டிலிருந்து பார்த்தால் விமானம்தான் முந்துகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து மடங்கு ஆறு மடங்கு வேகமெல்லாம் இல்லை, மிச்சம் ஒன்றரை மணி நேரம், அதற்கு அந்தக் கட்டணம் தகுமா என்று அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணம் கதை வேறு. வான்வழியில் சென்னைக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கும் 360 கிலோமீட்டருக்குள்தான், மதுரையைவிடக் கிட்டே. ஆனால் 2019 நவம்பரில் நேரடி விமானம் வரும் வரை கொழும்பு போய் அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்ப வடக்கே ஒரு முழுப் பகல் வர வேண்டியிருந்தது. அந்த வழிக்கு 'ஒரு மணி சொச்சம்' என்று கொட்டை எழுத்தில் போட்டால் அர்த்தம் உண்டு. மதுரைக்கு அதே வரியைப் போடும்போது பக்கத்திலேயே ரயில் நேரத்தையும் போடுங்கள், ஒரு வரிதானே.

- வாசகர், திருவொற்றியூர்