கோட்டையில் ராஜா இல்லை

பெல்தம், லண்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

விஜயதசமி அன்று அப்பா எழுதிய கடிதமும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் ராஜு அண்ணன் கையில் வந்து சேர்ந்தன. பாட்டில் கசிந்து கடிதத்தின் ஓரம் முழுக்க நல்லெண்ணெய். "போனில் பேசுவதெல்லாம் காற்றோடு போகிறது, நாலு வரி எழுதினால் என்ன" என்று கேட்டிருந்த இடத்தில்தான் நன்றாக ஊறியிருந்தது. மூன்று மாதமாக எழுதாதது தப்புதான் அப்பா. வேலை அதிகம் என்றும் சொல்ல முடியாது. இப்போது வாரத்துக்கு நாலு நாள்தான் கூப்பிடுகிறார்கள். நல்ல ஓய்வு.

அந்த ஓய்வில்தான் நேற்று செந்தில், ஆல்பர்ட், நான் மூன்று பேரும் விண்ட்ஸர் கோட்டைக்குப் போய் வந்தோம். இங்கே ஏறினால் நேர் ரயில், அரை மணி நேரத்தில் கடைசி ஸ்டேஷன். ரயிலில் யாரோ எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்குத் தமிழிலேயே "கோட்டைக்கு" என்று வாயில் வந்துவிட்டது. முப்பது வருஷம் சென்னைக் கோட்டை ஆபீஸுக்குப் போக மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்ன வார்த்தை, அதே தோரணையில்.

டிக்கெட் விலையைச் சொல்ல மாட்டேன். அம்மா, நீ உடனே ரூபாயில் பெருக்குவாய். செந்தில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். அதே டிக்கெட்டில் ஒரு வருஷம்வரை மறுபடியும் போகலாமாம், அதனால் நஷ்டமில்லை.

1070 வாக்கில் வில்லியம் ராஜா மண்மேடு எழுப்பிக் கட்ட ஆரம்பித்த கோட்டை. இன்றைக்கும் ராஜா வந்து தங்குகிற வீடுதான். நம் கோட்டைக் கொடிமரம் 148 அடி என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே அப்பா, இங்கே கொடியைப் பார்த்தே ஆள் இருக்கிறாரா என்று சொல்லிவிடலாம். ராஜா இருந்தால் வட்டக் கோபுரத்தில் அவருடைய கொடி, இல்லாவிட்டால் நாட்டுக் கொடி. நேற்று நாட்டுக் கொடிதான் பறந்தது. 'ஐயா கேம்ப் போயிருக்கிறார்' கதை இங்கேயும் உண்டு.

குளிருக்கு அப்பாவின் குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு போனேன். மார்கழியில் நீங்கள் அதைப் போட்டபோது சிரித்ததற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கரடித்தோல் தொப்பி போட்ட காவல்காரர்களுக்கு எதிரே நின்று போட்டோ எடுத்தபோது, எது பெரிய தொப்பி என்று ஆல்பர்ட்டுக்குச் சந்தேகம்.

உள்ளே இருக்கிற தேவாலயம் செயின்ட் ஜார்ஜ் பெயரில். நம் கோட்டைக்கும் அவர்தானே! எட்டாம் ஹென்றியும், தலை வெட்டுப்பட்ட முதலாம் சார்லஸும் தரையில் ஒரே கல்லுக்கு அடியில் கிடக்கிறார்கள். எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள். நான் சுற்றிப் போனேன் அம்மா. எழுபது வருஷம் ஆண்ட எலிசபெத் மகாராணிக்கும் ஒரு கறுப்புக் கல்தான். அப்பா பெயர், அம்மா பெயர், அப்புறம் அவர் பெயர், 1926, 2022, அதற்குக் கீழே கணவர் பெயர். அவ்வளவுதான்.

அரண்மனைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் தங்கத்தால் புலித்தலை. கண்ணும் பல்லும் ஸ்படிகம். திப்பு சுல்தானின் சிம்மாசனத்திலிருந்து 1799இல் பெயர்த்தெடுத்தது. பார்த்ததும் ஆறாம் வகுப்பு லீவில் நீங்கள் என்னைக் கோட்டை மியூசியத்துக்குக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலை பீடத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகளை ஒப்படைக்கிற காட்சியைக் காட்டி, "மூன்று கோடியே முப்பது லட்சம் கட்டும்வரை பிள்ளைகள் அடகுடா" என்றீர்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1794இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று காலையில்தான் சொன்னீர்கள்.

வெளியே வந்து மர பெஞ்சில் புளியோதரை சாப்பிட்டோம். வெளிச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் டப்பா கட்டிக்கொண்டு போயிருந்தேன். சோறு கல்லாக விறைத்திருந்தது. அப்படியும் செந்தில் மூடியில் ஒட்டிய கடலைப்பருப்பைக்கூட விடவில்லை.

மேரி ராணியின் பொம்மை வீட்டைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். புது தில்லியைக் கட்டிய லுட்யன்ஸ்தான் அதையும் செய்தார், 1924இல் முடித்தது. எல்லாம் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். சமையலறையில் விரல்நுனி அளவு பாத்திரங்கள். எல்லோரும் ஆ என்று பார்க்கிறார்கள், எனக்கு மட்டும் நம் கொலுவின் கீழ்ப்படியில் வெந்தயம் முளைத்த பூங்காவும், மூக்கு உடைந்த செட்டியார் பொம்மையும் தெரிகின்றன. இந்த வருஷம் படி கட்ட யார் வந்தார்கள் அம்மா? பலகைக்கு அடியில் செங்கல்லை யார் நகர்த்திக் கொடுத்தார்கள்? கண்ணாடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன், பின்னாலிருந்த பெண்மணி மெல்லத் தோளைத் தட்டி நகரச் சொன்னார்.

சரி, அதை விடுங்கள். வேறு குறையில்லை. அறையில் ஹீட்டர் இருக்கிறது, தோல் வறண்டுவிடுகிறது என்று நான்தான் போடுவதில்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் தினமும் கதவைத் தட்டி "என்ன தம்பி, இருட்டுக்குள்ள இருக்கிறீர்?" என்று கேட்டுவிட்டு இடியாப்பம் வைத்துவிட்டுப் போகிறார். கண் வலிக்காகத்தான் விளக்கை அணைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி வீட்டு விஷயம். பில்டர் கேட்கிறார் என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் அப்பா. முதலில் வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள், பட்டாவில் தாத்தா பெயர் மாறியிருக்கிறதா பாருங்கள், சித்தப்பாவின் பங்கை எழுத்தில் வாங்குங்கள். 1992இல் இந்தக் கோட்டை தீப்பிடித்துச் சரிசெய்ய ஐந்து வருஷம் ஆனதாம். லண்டன் அரண்மனையைத் திறந்துவிட்டு டிக்கெட் போட்டு அதற்குப் பணம் சேர்த்தார்கள். நம் மாடி ஒழுகல் இந்த மழைக்கும் தாங்கும். வாளி வைத்துக்கொள்ளலாம்.

தீபாவளிப் பணம் பத்து நாள் தள்ளிப்போகும். பேங்கில் ஏதோ விவரம் கேட்கிறார்கள். அடகில் இருக்கிற வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டி ரசீதை மாற்றிக்கொள் அம்மா, அசலைப் பொங்கலுக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன். கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போடாதே. வசந்தியை ஒரு வாரம் வந்து இருக்கச் சொல்.

இப்படிக்கு,
குமார்

பி.கு.: புளிக்காய்ச்சல் பாதி தீர்ந்துவிட்டது. அடுத்த தடவை மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் வைத்து இறுக்கு. கடிதத்தைத் தனிக் கவரில் கொடுத்துவிடு.