விசில் ஊதும் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்: மலையக உதைபந்தாட்ட லீக்குகளுக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மலையகத்தின் உதைபந்தாட்ட லீக் நிர்வாகிகள், பாடசாலை விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள், தோட்டக் கழகங்களின் பயிற்றுவிப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஹட்டன், தலவாக்கலை, பதுளை, பண்டாரவளை, நாவலப்பிட்டி, மாத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் பந்து விளையாடப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. விசில் ஊதத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. விதிகளைப் படித்து, பரீட்சை எழுதி, ஆசையோடு வரும் இளம் மத்தியஸ்தர்கள் கொஞ்ச நாளில் ஒதுங்கிவிடுகிறார்கள். ஓடிக் களைத்து ஒதுங்குவதில்லை, பேச்சுத் தாங்காமல்தான் ஒதுங்குகிறார்கள். "அவனுக்கு மனத்தைரியம் போதாது" என்று சொல்லி அந்தக் கதையை அத்தோடு முடித்துவிடுகிறோம். இது நியாயமில்லை. வீரர்களின் விமர்சனத்தைச் சமாளிப்பது கற்றுக்கொடுத்தால் வருகிற வேலை. அதில் ஒரு பங்கு மத்தியஸ்தருடையது. இன்னொரு பங்கு உங்களுடையது. இரண்டையும் விவரமாகவே எழுதுகிறோம்.

மைதானத்தில் கேட்கும் எல்லாச் சத்தத்தையும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம். பந்தை இழந்த பையன் வானத்தைப் பார்த்து "ஐயோ ரெஃபரி!" என்று கத்துவது வலியில் வரும் குரல். அதைக் காதில் வாங்காமல் ஓடிவிட வேண்டும். திரும்பி ஒரு பார்வை பார்த்தாலே அந்தச் சத்தம் வாக்குவாதமாகிவிடும். "சேர், அது ஏன் ஓப்சைட் இல்ல?" என்பது கேள்வி. அதற்குப் பதில் சொல்லலாம், ஆனால் ஐந்தாறு சொற்களுக்குள், ஓடிக்கொண்டே: "த்ரோவிலிருந்து ஓப்சைட் இல்லை தம்பி, விளையாடு." "என்னா சேர், கண்ணு தெரியலையா? நாலாவது தடவை!" என்று கையை விரித்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னால் அது எதிர்ப்பு. ஆட்ட விதிகளின் 12ஆம் விதிப்படி மஞ்சள் அட்டைக்குரியது. "காசு வாங்கிட்டான்", "அவங்க தோட்டத்து ஆளு, அப்படித்தான் ஊதுவான்" என்பது நேர்மையின் மீதான தாக்குதல், அவமதிக்கும் பேச்சு. சாதி, இனம், பால் குறித்த வசையும் அப்படியே. இவற்றுக்கு எச்சரிக்கைப் படிகள் கிடையாது, நேரடியாகச் சிவப்பு அட்டைதான். பெண் மத்தியஸ்தரைப் பார்த்து "வீட்டுக்குப் போ" என்று ஒருவன் சொல்வதைச் சிரித்து விட்டுவிடும் பழக்கம் நம் மைதானங்களில் இருக்கிறது. அது இந்த நான்காம் வகை, சிரிப்பதற்குரியதல்ல.

மூன்றாம் வகையான எதிர்ப்புக்கு மட்டும்தான் படிகள் தேவை. முதல் தடவை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம். முகத்துக்கு நேரே நிற்காமல் தோளோடு தோளாக நடந்தபடி சொன்னால் பையனுக்குச் சபையில் மானம் போகாது, அவனும் இறங்கி வருவான். இரண்டாம் தடவை, ஆட்டம் நின்ற நேரத்தில் தலைவனையும் அழைத்து, எல்லோரும் பார்க்க ஓர் எச்சரிக்கை. மூன்றாம் தடவை, அட்டை. இந்தப் படிகளைத் தாண்டிக்கொண்டு முதல் நிமிடத்திலேயே அட்டை எடுப்பவருக்கு அப்புறம் காட்ட ஒன்றும் மிஞ்சாது. பத்துத் தடவை "இதுதான் கடைசி" என்று சொல்பவர் சொல்லுக்கும் மதிப்பு இருக்காது. நம்மூரில் இரண்டாவது குறைதான் அதிகம்.

உடம்பும் பேசும். விசிலை ஊதிய பிறகு பின்னோக்கி நடந்தால் சந்தேகம் தெரியும், ஆட்கள் கூடுவார்கள். கூட்டம் சேர்ந்தால் பக்கவாட்டில் இரண்டு எட்டு விலகி, எல்லோரும் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அட்டையை மூக்குக்கு நேரே நீட்டக்கூடாது. இரண்டு மூன்று மீற்றர் இடைவெளி விட்டு, மூச்சு ஒன்று இழுத்து, பிறகு உயர்த்தலாம். வீரரை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. விசிலின் சத்தத்திலும் வேறுபாடு வேண்டும்: பந்து வெளியே போனதற்குக் குட்டையாக, மோசமான தவறுக்கு நீளமாக, அழுத்தமாக. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி "பீப்" என்று ஊதினால் ஊதுபவருக்கே முடிவில் உறுதியில்லை என்று வீரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

தூரம்தான் பெரிய விடயம். பத்துப் பதினைந்து மீற்றருக்குள் நின்று கொடுத்த முடிவைப் பெரும்பாலும் முணுமுணுப்போடு ஏற்றுக்கொள்வார்கள். நாற்பது மீற்றரிலிருந்து வந்த முடிவு சரியாக இருந்தாலும் நம்பமாட்டார்கள். நம் மைதானங்கள் பல ஒரு பக்கம் சரிந்தவை. மேட்டை நோக்கிப் போகும் தாக்குதலில் மத்தியஸ்தர் பின்தங்குவார், கோலுக்கு முன்னாலுள்ள தண்டப் பெட்டிக்குள் நடப்பது முதுகுகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் மேட்டுப் பக்கத் தாக்குதலுக்குப் பந்து உதைபடும் முன்பே ஏறத் தொடங்க வேண்டும் என்று பயிற்சியிலேயே பழக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கண்டியிலிருந்து போய் அங்கே ஊதுபவருக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கினால் வியப்பில்லை. அந்த நேரத்தில்தான் தூரம் கூடும், பேச்சும் கூடும்.

பிழை விட்டால் என்ன செய்வது? விதி 5 தெளிவாக வழி விடுகிறது: ஆட்டம் மீண்டும் தொடங்காதவரை தவறான முடிவை மாற்றலாம். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. ஆகவே உதவி மத்தியஸ்தரின் கொடியைத் தாமதமாகக் கண்டால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லிக் கொடுங்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. "என் இடத்திலிருந்து அது தெரியவில்லை" என்ற நேர்மையான பதிலுக்கு வீரர்கள் மரியாதை கொடுப்பார்கள், ஒரு ஆட்டத்தில் ஓரிரு தடவைக்கு மேல் சொல்லாதவரை. செய்யவே கூடாதது சரிக்கட்டும் விசில். ஒரு பக்கத்துக்குக் கொடுத்த பிழையான தண்ட உதைக்கு ஈடாக மறுபக்கத்துக்கு ஒன்றைத் தேடிக் கொடுத்தால் இரண்டு அணியுமே அதைக் கண்டுபிடித்துவிடும். அன்று மத்தியஸ்தரை யாராலும் காப்பாற்ற முடியாது.

இனி உங்கள் பங்குக்கு வருகிறோம்.

எதிர்ப்பில் பெரும்பகுதி விதி தெரியாமையால் வருகிறது. பந்து கையில் பட்டாலே தவறு என்று நம்பும் பிள்ளைகள், கோல் உதையிலும் மூலை உதையிலும் த்ரோவிலும் நேரடியாக ஓப்சைட் இல்லை என்பதை அறியாத பிள்ளைகள், 2019 முதல் கோல் உதையில் பந்து பெட்டியை விட்டு வெளியேறத் தேவையில்லை என்பதை இன்னும் கேள்விப்படாத பயிற்றுவிப்பாளர்கள். அனுகூலம் கொடுத்து, அதாவது தவறுக்குள்ளான அணிக்கு வாய்ப்பிருக்கையில் ஊதாமல் ஆட்டத்தை ஓடவிட்டு, சில வினாடிகளில் அது கைகூடாவிட்டால் பழைய தவறுக்கு விசில் ஊதலாம் என்பதும் அப்படியே: "அப்பவே ஊதலையே, இப்ப ஏன்?" என்ற சண்டை இதனால்தான். பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மணித்தியால விதி வகுப்பு நடத்துங்கள். தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள், கலப்பு அணிகள் நம்மிடம் நிறைய உண்டு.

மைதானத்தையும் சரிசெய்யுங்கள். மலையகத்தின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் மழையில் சுண்ணாம்புக் கோடு இடைவேளைக்குள் கரைந்துவிடும். பெட்டிக்குள்ளா வெளியேயா என்று தெரியாத மைதானத்தில் சண்டை வராமல் என்ன செய்யும்? கோடு அழிந்தாலும் பெட்டி தெரிய ஒரு வழி உண்டு. பெட்டியின் பக்கக் கோடு கோல் கோட்டைத் தொடும் இடத்துக்கு நேரே, கோல் கோட்டுக்கு வெளியே ஓர் அடையாளத் தட்டு வையுங்கள். கோல் கோட்டிலிருந்து 16.5 மீற்றர் அளந்து, பக்க எல்லைக்கு வெளியே இன்னொன்று. இரண்டிலிருந்தும் உள்ளே நேர்கோடு இழுத்தால் அவை சந்திக்கும் இடமே பெட்டியின் மூலை. சிறிய மைதானத்தில் பெட்டியைக் குறுக்கியிருந்தால் அந்த அளவை இரு தலைவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். பனிமூட்டத்துக்கும் ஒரு அளவுகோல் வேண்டும்: மைய வட்டத்தில் நின்று இரண்டு கோல் கம்பங்களும் தெரியாவிட்டால் ஆட்டம் நிற்கும் என்று எழுதி வையுங்கள். முடிவு மத்தியஸ்தருடையதுதான், ஆனால் எழுத்தில் இருந்தால் பதினெட்டு வயதுப் பிள்ளை தனியே அந்தப் பழியைச் சுமக்க வேண்டியதில்லை.

தலைவர் மட்டும் பேசலாம் என்ற நடைமுறையை எல்லா இளையோர் போட்டிகளிலும் கொண்டுவாருங்கள். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் எல்லோரும் பார்த்ததுதான். கைப்பட்டி கட்டிய தலைவர் மட்டும் மத்தியஸ்தரிடம் வரலாம், மற்றவர் வந்தால் மஞ்சள். தலைவர் கோல் காப்பாளராக இருந்தால் களத்தில் நிற்கும் இன்னொருவரை நாணயச் சுழற்சிக்கு முன்பே நியமிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கோல் காப்பாளர் எழுபது மீற்றர் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை அடிக்கடி வருகிறது.

எதிர்ப்புக்குத் தற்காலிக வெளியேற்றம் என்ற ஏற்பாட்டையும் பரிசீலியுங்கள். இளையோர், அடிமட்டப் போட்டிகளுக்கு 2017 முதல் விதிகள் இதற்கு இடம் தருகின்றன. சம்மேளனத்தின் அனுமதி பெற்றே நடைமுறைப்படுத்த வேண்டும். மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வெளியே இருக்க வேண்டும்: 60 நிமிட ஆட்டமென்றால் 6 முதல் 9 நிமிடம், 40 நிமிட ஆட்டமென்றால் 4 முதல் 6. வீரர் வெளியேறி ஆட்டம் தொடங்கியதும் நேரம் எண்ணப்படும், மத்தியஸ்தர் அனுமதித்தால்தான் திரும்பி வரலாம். நேரத்தைக் கணக்கிட எல்லைக்கு வெளியே ஒருவர் கடிகாரத்தோடு இல்லாவிட்டால் இது குழம்பிவிடும், எனவே அந்த ஆளைப் போட்டு விட்டே தொடங்குங்கள். வெறும் மஞ்சள் அட்டையை மறந்துபோகும் பதினான்கு வயதுப் பையன், ஆறு நிமிடம் வெளியே நின்று தன் அணி பத்துப் பேரோடு திணறுவதைப் பார்த்தால் மறக்கமாட்டான். சக வீரர்களும் அடுத்த தடவை அவன் வாயைப் பொத்துவார்கள்.

பயிற்றுவிப்பாளர்களே, உங்களிடம் நேராகவே சொல்கிறோம். நீங்கள் கோட்டருகே நின்று கைகளை விரித்த அடுத்த நிமிடம் உங்கள் பிள்ளைகளும் விரிப்பார்கள். 2019 முதல் அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. அணியின் ஆசனங்களிலிருந்து கத்தியது யாரென்று தெரியாவிட்டால் அங்கிருக்கும் மூத்த பயிற்றுவிப்பாளருக்கே அட்டை. இளம் மத்தியஸ்தர் இதைப் பயன்படுத்தத் தயங்குவார், ஏனென்றால் நீங்கள் அவருக்கு நேற்றுவரை "சேர்". அந்த மரியாதையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தாதீர்கள்.

மாற்று வீரரிடம் கொடியைக் கொடுத்துவிட்டு ஓப்சைட்டையும் அவரே பார்க்கட்டும் என்று விடுவதும் நிற்க வேண்டும். அணி தரும் ஆள் பந்து வெளியே போனதை மட்டும் காட்டட்டும். முதல் பருவத்தில் இருக்கும் மத்தியஸ்தருக்கு அனுபவமுள்ள ஒருவரை எல்லைக்கோட்டருகே நிறுத்துங்கள். அவர் இடைவேளையில் இரண்டு குறிப்புக்கு மேல் சொல்லக்கூடாது. அதற்கு மேல் தலையில் ஏறாது.

ஆட்டம் முடிந்த பிறகும் பேச்சு முடிவதில்லை. மேட்டிலிருந்து தொலைபேசியில் எடுத்த காணொளி அன்றிரவே வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். கோலுக்குப் பின்னாலிருந்தோ சாய்வாகவோ எடுத்த படத்தில் ஓப்சைட்டைத் தீர்மானிக்கவே முடியாது. கோலிலிருந்து, கோல் காப்பாளரையும் சேர்த்து எண்ணும்போது வரும் இரண்டாவது தற்காப்பு வீரருக்கு நேர் கோட்டில் நின்றால்தான் அது தெரியும். மத்தியஸ்தர்கள் அந்தக் குழுக்களில் பதில் எழுதக்கூடாது. எழுத வேண்டியது அறிக்கையை. அதே இரவில், நிமிடம், சட்டை இலக்கம், சொன்ன வார்த்தை சொன்ன மொழியிலேயே. "கெட்ட வார்த்தை பேசினார்" என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. கூச்சமாக இருந்தாலும் வார்த்தையை அப்படியே எழுதப் பழக்குங்கள். அந்த அறிக்கை மேசையில் கிடந்து தூசி பிடித்தால் அடுத்த தடவை யாரும் எழுதமாட்டார்கள். அந்த அணியின் அடுத்த ஆட்டத்துக்கு முன் விசாரியுங்கள், முடிவை மத்தியஸ்தருக்கும் தெரிவியுங்கள்.

கடைசி பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டப் பாதையில் மாலை ஐந்தரைக்குப் பிறகு ஒரே பஸ் என்றால், தோற்ற அணியும் அந்த அணிக்கு அட்டை காட்டிய பிள்ளையும் ஒன்றாகத்தான் ஏறுவார்கள். முச்சக்கர வண்டிக்கான காசை மத்தியஸ்தர் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுங்கள், அல்லது ஏற்பாட்டாளரின் வாகனத்தில் சந்திவரை கொண்டுபோய் விடுங்கள். பெண் மத்தியஸ்தர்களுக்கு இது கட்டாயம்.

அடுத்த பருவத்தின் அட்டவணை அச்சாகும் முன், தலைவர் மட்டும் பேசும் நடைமுறை, பனிமூட்ட அளவுகோல், விசாரணைக் கால எல்லை, மத்தியஸ்தரின் பயணச் செலவு ஆகியவற்றைப் போட்டி விதிமுறைத் தாளில் சேர்த்து, ஒவ்வொரு அணியின் பயிற்றுவிப்பாளரிடமும் கையொப்பம் வாங்குங்கள். விதி வகுப்பு எடுக்கவும் புதியவர்களோடு எல்லைக்கோட்டருகே நிற்கவும் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
மலையக இளையோர் போட்டிகளில் பணியாற்றும் மத்தியஸ்தர்களும் மத்தியஸ்தர் பயிற்சியாளர்களும்