ஃபினிஷிங் ஹவுஸில் ஆண்களா தாள் எண்ணினார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காகித ஆலைகளின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் தொடங்கியிருக்கும் தொடரைப் படித்தேன். 1888இல் தொடங்கிய புனலூர் மில், நேபாநகர், பள்ளிபாளையம் என்று நிறைய விஷயம் திரட்டியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி: 'ஆண்களின் முதுகெலும்பில் நின்ற தொழில் இது.' யார் சொன்னது, சார்?

என் அம்மா காகித மில்லில்தான் வேலை பார்த்தார். எந்த மில் என்பது இப்போது வேண்டாம். தாளைச் சரிபார்த்துக் கட்டும் கூடத்துக்கு ஃபினிஷிங் ஹவுஸ் என்று பெயர். அங்கே நீளமான மேஜைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். தாள் வெட்டும் மெஷினான கட்டரிலிருந்து வரும் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டி, புள்ளி, சுருக்கம், ஓரக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். ஒதுக்கியது 'புரோக்' என்று திரும்பக் கூழுக்குப் போகும். நல்லதை விசிறி மாதிரி விரித்து, விரலுக்கு விரல் இடுக்கி எண்ணி 500 ஆனதும் ரீம் கட்டுவார்கள். தாளின் விளிம்பு பிளேடு போல அறுக்கும். புளிக்குழம்பு சாதம் பிசையும்போது அம்மா முகம் சுளிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடைசிவரை கான்ட்ராக்ட்தான். பி.எஃப். கிடையாது, குவார்ட்டர்ஸும் கிடையாது. மில் சங்கு மட்டும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஊதியது.

நம் ஊர்க் கதையை விடுங்கள். மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையை 1844இல் ஜெர்மனிக்காரர் கெல்லர் கண்டுபிடித்ததற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஐரோப்பாவில் காகிதம் எதில் செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கந்தல் துணியில். அந்தக் கந்தலைத் தரம் பிரித்து, பொத்தானும் தையலும் அறுத்தெடுத்து, தூசியை மூச்சில் வாங்கி, துணியோடு வந்த நோயையும் வாங்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு ஒரு வரிகூட இடமில்லை போலிருக்கிறது.

மூங்கில் பகுதியும் அப்படித்தான். மூங்கிலைக் கூழாக்க டேராடூனில் ரைட் (Raitt) துரை செய்த ஆராய்ச்சி, அப்புறம் 1925இல் வந்த மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டம், எல்லாம் சரியாக இருக்கிறது. மில்களுக்கு மலிவு விலையில் காட்டைக் குத்தகைக்கு விட்டதும் கூடை முடைகிறவர்கள் மூங்கில் கிடைக்காமல் தவித்தார்களே, அது தொழில் வரலாற்றில் சேராதா? வனத்திலிருந்து ஆலைகளுக்குச் சலுகை விலையில் கொடுக்கக் கூடாது என்று அரசாங்கமே 1988 வனக் கொள்கையில் எழுதும் அளவுக்கு நிலைமை போனது.

இன்னொன்று, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. வருடா வருடம் சுற்றுச்சூழல் தினத்தன்று 'காகிதத்தைத் தவிர்ப்போம், காட்டைக் காப்போம்' என்று வழவழத் தாளில், கலரில், முழுப் பக்கத்துக்கு அறிவுரை போடுகிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்வேன். புகளூரில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதும், சவுக்கும் தைலமரமும் போட்டு மில்லுக்கு விற்றுப் பிழைக்கும் விவசாயிகள் இருப்பதும் தங்கள் அலுவலகத்துக்கு எட்டவில்லையா? தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற சண்டை தனி. அதையாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மில் ஊர் என்றாலே நாற்றம் என்று எழுதுவதும் உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. கந்தகம் போட்டு மரத்தை வேகவைத்தால் நாறத்தான் செய்யும். பஸ்ஸில் போகிறவர் ஐந்து நிமிஷம் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். அங்கேயே குடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்கள் நிருபர்கள் இதுவரை கேட்டதில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொடரின் அடுத்த பகுதிக்கு ஓய்வுபெற்ற மேனேஜர்களைப் பேட்டி எடுக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அவர்களோடு ஃபினிஷிங் ஹவுஸில் நின்ற ஒரே ஒரு அம்மாவிடமும் பேசுங்கள். கால் பக்கம் போதும். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். கெல்லரையும் ரைட்டையும் தாராளமாக வெட்டுங்கள், தாள் எண்ணிய பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்