மழை கூடியதா, மடை அடைபட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2025-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. தேசிய அளவிலும் மாநில அளவிலும் பேரிடர்த் தரவுத்தளம் உருவாக்கவும் சொல்கிறது. 2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலும் இந்த வரம்புக்குள் வருகிறது. ஆணையம் அமையும்போது அமையட்டும். அந்தத் தரவுத்தளத்தில் நம் ஊரைப் பற்றி என்ன எழுதப்படப் போகிறது என்பதே என் கவலை.

குமரி மாவட்டத்தில் பேரிடர் என்றால் 2004-இன் ஆழிப்பேரலையும் 2017-இன் ஒக்கிப் புயலும் கேட்காமலேயே பட்டியலில் ஏறிவிடும். (ஒக்கியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் மீனவர் அமைப்புகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.) ஆனால் பழையாறு பெருகி, கரையோரத் தெருக்களில் ஒருநாள் நின்று வடிந்துபோகும் வெள்ளம் எந்தப் பட்டியலில் ஏறும்? பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பராமரிக்கப்படும் 'எம்-டாட்' என்னும் உலகத் தரவுத்தளத்தில் ஒரு நிகழ்வு இடம்பெற, பத்துப் பேராவது இறந்திருக்க வேண்டும், அல்லது நூறு பேராவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அரசு நெருக்கடிநிலை அறிவித்தோ வெளிநாட்டு உதவி கேட்டோ இருக்க வேண்டும். பதினைந்து வீடுகளின் மண்சுவர் ஊறி விழுந்ததற்கு அங்கே இடமில்லை.

இந்தக் குறையைப் போக்கத்தான் 1994-இல் லத்தீன் அமெரிக்க ஆய்வாளர்கள் 'டெசின்வென்டார்' என்ற முறையை உருவாக்கினார்கள். நாள், இடம், காரணம், இழப்பு என்று சிறு நிகழ்வையும் விடாமல், நாளிதழ்ச் செய்திகளிலிருந்தும் அலுவலகப் பதிவுகளிலிருந்தும் எடுத்து எழுதுவதே அதன் வழி. தமிழ்நாட்டுக்கும் ஒடிசாவுக்கும் அப்படித் தொகுக்கப்பட்ட பதிவுகள், ஐக்கிய நாடுகள் சபையின் 2009-ஆம் ஆண்டுப் பேரிடர் இடர் மதிப்பீட்டு அறிக்கையிலும் பயன்பட்டன. உயிரிழப்பில் மிகப் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய பெருநிகழ்வுகளில் நேர்ந்தாலும், வீடும் பயிரும் சேதமாவது அடிக்கடி வரும் சிறிய வெள்ளங்களாலும் காற்றாலும் பரவலாக நடக்கிறது என்று அந்த அறிக்கை காட்டியது.

1992 நவம்பர் பெருமழையின்போது நான் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, பேனா மை ஈரத்தில் ஊறுகிறது என்று பென்சிலால் பட்டியல் எழுதினேன். குடும்பத் தலைவர் பெயர், அட்டை எண், கூரையா ஓடா, பகுதிச் சேதமா முழுச் சேதமா, தொகை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. 'குளத்து மறுகால் நிரம்பி வடக்கிலிருந்து, ஜன்னல் திண்டு வரை' என்பது போலச் சில வீடுகளுக்கு ஓரத்தில் குறித்தேன். நிவாரணத்துக்கு அது வேண்டியதில்லை என்பதால் தட்டச்சுப் படியில் விட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தேடியபோது, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததாகக் கோப்பையே அழித்திருந்தார்கள். விதிப்படி அதில் தவறில்லை.

இப்படிப்பட்ட குறிப்புகள் இன்றும் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தீயணைப்பு நிலையத்தின் அழைப்புப் பதிவேடு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் புகார்ப் பதிவேடு, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தினசரி நீர்மட்டக் குறிப்பு, மழைமானிக் கணக்கு ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்தால், மழை கூடியதா, மடை அடைபட்டதா என்பது தெரிந்துவிடும். முன்பு பெய்த அதே அளவு மழைக்கு நனையாத தெரு, நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில்களே நின்றுபோன 2021 நவம்பர் மழையில் மூழ்கியிருந்தால், குற்றம் வானத்தின் மேல் இல்லை. இடையில் ஏலா (வயல்வெளி) மனையானதையோ, சானல் (பாசனக் கால்வாய்) குறுகியதையோ சர்வே எண்ணோடு தேட வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தோடு அந்த எண்ணுக்குரிய வெள்ளக் குறிப்பையும் வைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் குறிப்பு எழுத நாள்களுக்குப் பஞ்சமில்லை.

நாளிதழ்ச் செய்தியை மட்டும் நம்பினால் கணக்குக் கோணும் என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்து போகும் சாலையில் தண்ணீர் நின்றால் படத்தோடு செய்தி வரும். உள்ளே இருக்கும் குடியிருப்பில் நின்றால் வராது. உட்பிரிவுகளால் சர்வே எண்களும் மாறியிருக்கும். ஆகவே வார்டு வார்டாக வயதானவர்களைக் கேட்டு, சுவரில் கறை நின்ற உயரத்தை அளந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிட்டு வரும் தங்கள் நாளிதழின் பழைய இதழ்க் கட்டுகளை, குறைந்தது 1992-இலிருந்தாவது, இந்த மாவட்டக் கல்லூரி மாணவர்கள் வந்து பார்த்துப் படியெடுக்கத் திறந்துவிட வேண்டும். என் சொந்த நாட்குறிப்பில் தண்ணீர் நின்ற உயரத்தோடு பதினொரு வீடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தொகுக்க முன்வருபவர்களுக்கு அதன் படியைத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.